யூரியா எங்கே போகின்றது?

சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கில் உர மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த சமயம், சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவர் வாயிற்படியில் வந்து நின்றார். "இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார். "ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போட்டேன், பயிர் நல்லா வந்தது. மூணாவது மூட்டையும் போட்டேன். தோகை இன்னும் கறுத்தது. ஆனா களத்துக்கு வந்த நெல்லு மட்டும் கூடலை. அந்த மூணாவது மூட்டை எங்கேங்க போச்சு?"

கிடங்கில் இருக்க வேண்டிய மூட்டை எங்கே போயிற்று என்று பிறரைக் கேட்பது நமது உத்தியோகம். வயலுக்குப் போன மூட்டையைப் பற்றி நம்மை ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பட்டதாரி என்று பெயர் வைத்துக்கொண்டும் நம்மால் பதில் கூற இயலவில்லை. "பெரியவரே, விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி வந்துவிட்டோம். அதன் பின் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகின்றோம். இதில் நெசவாளர் அன்பர்களுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்கள் தறியில் ஓடும் நூலும் இந்தக் கதையில் வருகின்றது.

உரமே பயிரின் உணவு என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். இஃது அரை உண்மை. பயிரின் உடலில் நீர் போக எஞ்சியதில் மிகப் பெரும் பகுதி காற்றிலிருந்து வந்தது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். பருத்தி இழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருப்பது செல்லுலோஸ் என்னும் பொருள். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சேலையில் ஏறக்குறைய 200 கிராம் கரி இருக்கின்றது. அக்கரி முழுவதும் காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவிலிருந்து இலை பிடித்துக் கொடுத்ததேயாகும். காற்றிலோ அவ்வாயு பதினாயிரம் பங்கில் நான்கு பங்கே உள்ளது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 மீட்டர் உள்ள ஒரு பெருங்கூடத்துக் காற்று முழுவதையும் வடிகட்டினால்தான் ஒரு சேலைக்கு வேண்டிய கரி கிடைக்கும். மண்ணில் வேரூன்றி நிற்கும் ஒரு செடி அதைச் சத்தமின்றிச் செய்துவிடுகின்றது.

வாயுவாக உள்ள கரியைப் பிடித்துத் திடப்பொருளாக மாற்றும் அந்தத் தொழிலை இலையில் செய்வது ஒரு நொதி. என்ஸைம் என்று நாம் பள்ளியில் படித்ததே இது. நமது வயிற்றில் சோற்றைச் செரிக்கும் பொருள்களும் நொதிகளே. இலையில் உள்ள இந்நொதியை விஞ்ஞானிகள் ருபிஸ்கோ என்று அழைக்கின்றனர். அமெரிக்காவில் வைல்ட்மன், பான்னர் என்ற இருவர் 1947-ஆம் ஆண்டில் பசலைக் கீரை போன்ற ஒரு கீரையின் சாற்றை ஆராய்ந்தபோது, அதிலுள்ள புரதத்தில் பெரும்பகுதி ஒரே வகையாக இருப்பதைக் கண்டு வியந்தனர். அதன் வேலை யாது என்பது அப்பொழுது தெரியவில்லை. அதே காலத்தில் பெர்க்கிலி நகரில் கால்வின், பென்சன், பாஸம் ஆகியோர் கதிரியக்கக் கரியைப் பாசிகளுக்கு ஊட்டி, அக்கரி எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருளுக்குச் செல்கின்றது என்று படிப்படியாகத் தடம் பார்த்தனர். கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு ஆராய்ச்சிகளும் பின்னர் ஒரே இடத்தில் வந்து கூடின. கீரைச் சாற்றில் குவிந்து கிடந்த அப்புரதந்தான் கரியைப் பிடிக்கும் நொதி. ருபிஸ்கோ என்னும் பெயர் 1979-இல் ஒரு பாராட்டு விழாவில் வேடிக்கையாக இடப்பட்டது. இலைப் புரதத்தை மனிதர் உண்ணும் பொருளாக்க வேண்டும் என்று வைல்ட்மன் ஆசைப்பட்டவராதலால், நாபிஸ்கோ என்ற பிஸ்கட்டுக் கம்பெனியின் பெயரைப் போல் ஒலிக்குமாறு நண்பர் ஒருவர் சூட்டிய பெயர் அது.

இந்நொதியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு; குறையாகச் சொல்லத்தக்கவை இரண்டு உண்டு. உலகத்து உணவும் உடையும் இதன் கை வழியாகவே வருகின்றன என்பது பெருமை. குறைகளுள் முதலாவது, இது மிகவும் மந்தமான வேலையாள் என்பது. நமது இரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் ஒரு நொதி ஒரு விநாடிக்கு இலட்சக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிடும். நெல்லின் இலையிலுள்ள ருபிஸ்கோவோ விநாடிக்கு மூன்று, நான்கு என்ற அளவிலேயே வேலை செய்கின்றது. வேலையாள் மந்தமாயிருந்தால் ஆட்களைக் கூட்டித்தானே வேலையை முடிக்க வேண்டும்? இலையும் அதைத்தான் செய்கின்றது. நெல் போன்ற பயிர்களின் இலையில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி வரையில் இந்த ஒரு நொதியே நிறைந்திருக்கின்றது.

புரதம் செய்வதற்குத் தழைச்சத்து வேண்டும். இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ருபிஸ்கோ ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றது என்று கண்டிருக்கின்றார்கள். நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ நாம் அறியோம். எவராயினும் சரியாகவே வைத்திருக்கின்றார். பெரியவரின் முதல் இரண்டு மூட்டைகளில் பயிர் எடுத்துக்கொண்ட பகுதி எங்கே போயிற்று என்பதற்கு இதுவே பதில். அதில் வேறெந்த ஒரு பொருளுக்கும் போகாத அளவு இந்த வேலையாட்களை அமர்த்தப் போயிற்று.

மூன்றாவது மூட்டையின் கதை வேறு. ஒரு பட்டறையில் இருபது தறிகள் இருக்கின்றன. நூல் பத்துத் தறிகளுக்கே வருகின்றது. மேலும் பத்து நெசவாளரை அமர்த்தினால் துணி கூடுமா? பயிர் தழைத்து, மேல் தோகை கீழ்த் தோகையை மூடிவிட்ட பின்பு கீழே வெயில் எட்டுவதில்லை. வெயில் எட்டாத இலையில் நொதி எவ்வளவு இருந்தென்ன? அது வெறும் சேமிப்பாகக் கிடக்கின்றது. கருத்த தோகை காண அழகாயிருக்கும். புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் அதைவிட அழகாயிருக்கும். தண்டு மெலிந்து, காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடுகின்றது. அன்றியும் நெல் வயலில் இடும் யூரியாவில் பயிருக்குச் சேருவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலேதான். மற்றது அம்மோனியாவாகக் காற்றிலும் நைட்ரேட்டாக நீரிலும் போய்விடுகின்றது. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. அதில் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் அந்தப் பெரியவர் காற்றுக்கும் வாய்க்காலுக்கும் தானம் செய்திருக்கின்றார். யூரியாவை வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று 2015-இல் விதி செய்ததற்கு இவ்விரயமும் ஒரு காரணம்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. கதிர் முற்றும் காலத்தில் இலை பழுக்கின்றதல்லவா? அப்பொழுது இலை தன் ருபிஸ்கோவைத் தானே கலைத்து, அதிலுள்ள தழைச்சத்தை மணிக்கு அனுப்புகின்றது. நாம் உண்ணும் சோற்றிலுள்ள புரதத்தில் ஒரு கணிசமான பகுதி ஒரு காலத்தில் இலையில் வேலையாளாக இருந்ததேயாகும். ஆகவே மொத்தம் எத்தனை மூட்டை என்பது மட்டும் கணக்கன்று. எந்த வாரத்தில் எவ்வளவு என்பதே கணக்கு. நட்டவுடன் மொத்தமாகக் கொட்டிவிட்டால், சிறு பயிர் அதை வைத்துக்கொள்ள இடமின்றி விட்டுவிடும்.

இனி இரண்டாவது குறை. இந்த வேலையாளுக்குக் கண் சற்று மங்கல். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிராணவாயுவைப் பிடித்துவிடுகின்றது. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு இருக்கையில், பதினாயிரத்தில் நான்கு பங்குள்ள வாயுவைத் தேடிப் பிடிப்பது எளிதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றில் பிராணவாயு இல்லாதிருந்த பண்டைய யுகத்தில் தோன்றிய நொதி அது. நெல், பருத்தி முதலியவற்றில் ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை இப்பிழை நேர்கின்றது. நாடாவை நான்கு முறை ஓட்டினால் ஒரு முறை தவறான ஊடை விழுகின்றது என்று நெசவாளர்கள் வைத்துக்கொள்ளலாம். விழுந்ததைப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய இலை தன் சக்தியைச் செலவிடுவதோடு, முன்பு பிடித்த கரியிலும் ஒரு பங்கை மீண்டும் காற்றில் விட்டுவிடுகின்றது. பவ்ஸ், ஆக்ரன் முதலியோர் 1971-இல் இப்பிழையின் மூலத்தை நொதியிலேயே கண்டுபிடித்தனர். வெப்பம் ஏற ஏறப் பிழையும் ஏறும். நமது ஊர்களின் வெயிலுக்கு இஃது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நஷ்டத்துக்குப் பரிகாரம் கண்டுபிடித்த பயிர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-இல் கரும்பின் இலையை ஆராய்ந்து, அங்கே கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதி பிடிப்பதாகக் காட்டினர். அந்த நொதிக்குப் பிராணவாயுவின் மயக்கம் கிடையாது. அது பிடித்ததை இலையின் நரம்பைச் சுற்றியுள்ள உள்ளறைக்கு அனுப்பிவிடுகின்றது. ருபிஸ்கோ அவ்வறையில் உட்கார்ந்திருக்கின்றது; அதன் முன்னே கரியமில வாயு பத்து மடங்கு செறிவாக வந்து குவிகின்றது. சரியான நூலை மட்டும் பொறுக்கித் தாரில் சுற்றிக் கொடுக்கும் உதவியாள் கிடைத்த நெசவாளரைப் போல, நொதி இங்கே பிழையின்றி வேலை செய்கின்றது. ஆகவே ஆட்களும் குறைவாகவே போதும். இத்தகைய பயிர்களின் இலையில் ருபிஸ்கோவுக்குச் செலவாகும் தழைச்சத்து பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீரும் குறைவாகவே பிடிக்கும்.

அப்பயிர்கள் எவை? கரும்பும் மக்காச்சோளமும் மட்டுமல்ல. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகிய நமது புன்செய்த் தானியங்கள் யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஏழை வீட்டுப் பயிர் என்று நாம் ஒதுக்கி வைத்தவை இலையின் கணக்கில் பணக்காரப் பயிர்களாக இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபொழுது சுவரொட்டிகள் பல பார்த்தோம். ஆனால் நம் மேசைக்கு வந்த கடன் மனுக்களில் கம்புக்கும் வரகுக்கும் கேட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. நெல்லுக்குத் தண்ணீர் போதாத நிலத்தில் நெல் என்றே எழுதிக் கடன் வாங்கும் வழக்கத்தையும் கண்டிருக்கின்றோம். அங்கத்தினர்மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. நெல்லுக்குக் கடன் தொகை அதிகம். அறுத்தால் கொள்முதல் நிலையம் இருக்கின்றது. கம்பை யார் வாங்குவார்? இதற்கு விடை காண வேண்டியது கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள்.

பருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் நெல்லின் இனமே. புன்செய்த் தானியங்களுக்குள்ள உள்ளறை வசதி அதற்குக் கிடையாது. ருபிஸ்கோவைத் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பும் உதவி நொதி ஒன்று இலையில் இருக்கின்றது. இவ்வுதவி நொதி வெப்பம் தாங்காதது. இலையின் வெப்பம் 35 டிகிரியைக் கடந்து ஏறினால் அது தளர்ந்துவிடுவதைப் பருத்தியில் நேராகவே சோதித்துக் கண்டிருக்கின்றனர். நீருள்ள செடி இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வாடிய செடிக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகின்றது. காய் பிடிக்கும் காலத்தில் ஒரு தண்ணீர் தவறினால் நூலின் விலையில் அது தெரியும். பட்டு நெய்யும் அன்பர்களுக்கும் சொல்ல வேண்டும்: பட்டு என்பது புரதம், பட்டுப்புழு அதற்கு வேண்டிய தழைச்சத்தை மல்பெரி இலையிலிருந்தே பெறுகின்றது, அவ்விலையின் புரதத்தில் பெரும் பங்கு இதே ருபிஸ்கோ.

இப்பொழுது கிடங்குக்குத் திரும்புவோம். அன்று அங்கே உர மூட்டைகளுக்குப் பின்னால் சில பெட்டிகளில் புட்டிகள் தூசி படிந்து இருந்தன. ஒளிச்சேர்க்கையை ஊக்குவித்து மகசூலைப் பெருக்கும் திரவம் என்று மேலே அச்சிட்டிருந்தது. உர மூட்டைகளுடன் இவற்றையும் எடுத்தால்தான் ஆயிற்று என்று வியாபாரி வற்புறுத்தியதாகச் செயலாளர் வருத்தத்துடன் கூறினார். அங்கத்தினர் சிலர் தலையில் அவையும் கடனோடு கடனாக ஏறியிருந்தன. இதை நாம் குறிப்பில் எழுதினோம். எழுதுவதோடு நில்லாமல், நம் அபிப்பிராயத்தையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லுகின்றோம். இலையில் இவ்வளவு பெரிய தொழிற்சாலையை வைத்துள்ள இயற்கையை ஒரு புட்டித் திரவத்தால் விரட்டி வேலை வாங்கலாம் என்று எவரேனும் சொன்னால், எந்தப் பல்கலைக்கழக வயலில், எத்தனை பருவம் சோதித்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

இதில் பெரிய மேதைகளே சறுக்கியிருக்கின்றனர். மேலே நாம் குறிப்பிட்ட அதே பென்சன், 1992-இல் நொனோமுரா என்பவருடன் சேர்ந்து, மெதனால் என்னும் சாராயத்தை நீரில் கலந்து தெளித்தால் வெயிலில் வளரும் பயிர்கள் பெருமளவு கூடுதலாக விளைகின்றன என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். கரியின் பாதையைக் கண்டவரே சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்? பல இடங்களில் விவசாயிகள் தெளித்துப் பார்த்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர்கள் பருத்தி உள்ளிட்ட பயிர்களில் முறையாகச் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பென்சனின் நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை. அவருக்கே அப்படியென்றால், புட்டியின்மேல் அச்சடிப்பவருக்கு எவ்வளவு தூரம் நம்பிக்கை வைக்கலாம் என்பதே நம் கேள்வி.

நொதியையே திருத்தும் முயற்சிகள் நடவாமல் இல்லை. ஜப்பானில் ருபிஸ்கோவைக் கூடுதலாக உண்டாக்கும் நெல்லைச் சோதனை வயலில் வளர்த்து, 28 சதவீதம் வரை மகசூல் கூடியதாக 2020-இல் அறிவித்தனர். அதற்குப் போதிய தழைச்சத்தும் வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நொதியின் பிழையால் வரும் கழிவைக் குறுக்கு வழியில் சரிசெய்யும் புகையிலைச் செடியை உண்டாக்கி, அதன் உடல் எடை 40 சதவீதம் வரை கூடியதாக 2019-இல் வெளியிட்டனர். இரண்டும் மரபணு மாற்றிய செடிகள். இரண்டும் நம் வயலுக்கு இன்னும் தொலைவில் உள்ளவை. வரும் நாளில் வந்தால் வரட்டும். நாம் எதிர்ப்பவர் அல்லர். ஆனால் அவ்விதை பல்கலைக்கழகம் வழியாகவும் கூட்டுறவு வழியாகவும் வந்தால் ஒரு விலை, ஒரே கம்பெனியின் பெட்டியில் வந்தால் வேறு விலை என்பதை நமது சங்கங்கள் இப்பொழுதே நினைவில் வைக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது, மிகவும் மலிவானது, ஒன்று இருக்கின்றது. இலை வண்ண அட்டை என்று வேளாண்மைத் துறையினர் சிபாரிசு செய்வது. இளம் பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் வரிசையாக உள்ள சிறு அட்டை. வாரம் ஒரு முறை, காலையில், வெயில் நேராகப் படாமல் உடம்பின் நிழலில், முழுதும் விரிந்த இளந்தோகையை அதன்மேல் வைத்துப் பத்துக் குத்துகளில் ஒப்பிட வேண்டும். பெரும்பாலான இரகங்களுக்கு எண் 4, வெள்ளைப் பொன்னிக்கு எண் 3 என்பது அளவு. பாதிக்கு மேற்பட்ட தோகைகள் அவ்வளவுக்குக் குறைந்தால் மட்டும் மேலுரம் இட வேண்டும். இலையின் பச்சையும் அதிலுள்ள தழைச்சத்தும் கூடவே ஏறி இறங்குபவை; எனவே உள்ளே எத்தனை வேலையாட்கள் இருக்கின்றார்கள் என்பதை அட்டை ஒருவாறு சொல்லிவிடும்.

நமது கடன் முறையோ இதற்கு நேர் மாறாக இருக்கின்றது. பயிர்க்கடனில் பொருளாகக் கொடுக்கும் பங்கை ஏக்கர் கணக்கில் ஒரே நாளில் எடுத்துப் போகுமாறு செய்கின்றோம். வீட்டுத் திண்ணையில் மூட்டை இருந்தால் வயலில் கொட்டாமல் கை சும்மா இருக்குமா? அடுத்த தவணை நமக்குக் கிடைக்குமோ என்ற பயமும் அங்கத்தினருக்கு இருக்கின்றது. தட்டுப்பாட்டுக் காலங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அப்பயம் நியாயமானதே. ஆகவே அவர் பங்கு அவர் பெயரில் கிடங்கிலேயே பத்திரமாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று தவணையாக அட்டை பார்த்து எடுத்துச் செல்ல வழி செய்ய வேண்டும். விற்பனைக் கணக்கு குறையுமே என்று சில செயலாளர்கள் நம்மிடம் கவலைப்பட்டனர். சங்கம் அங்கத்தினருக்கு மூட்டை விற்பதற்காக ஏற்பட்டதா, அவர் கடன் அடைபடுவதற்காக ஏற்பட்டதா என்று அவர்களைத் திருப்பிக் கேட்டோம். ஒருவர் மட்டும், "இரண்டுக்கும்தான் சார்" என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கிடங்கு வாடகையும் சிப்பந்தி சம்பளமும் அந்த விற்பனையிலிருந்தே வர வேண்டியிருக்கின்றது. அந்தச் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் தவணை முறையைத் தீர்மானமாகக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள்.

பெரியவருக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. மறுமுறை சென்றபோது அட்டை ஒன்றை எடுத்துச் சென்று, அவர் வயல் வரப்பில் நின்று மேற்கண்டவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். நொதியின் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. வேலையாள் கதை உடனே நுழைந்துவிட்டது. பத்துத் தோகைகளைத் தாமே வைத்துப் பார்த்தார். எட்டுத் தோகைகள் அளவுக்கு மேலேயே இருந்தன. "அப்போ இந்த வாரம் மூட்டை வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க நமக்கு மனம் வரவில்லை.